வேனின் முதுகில் இரண்டு சைக்கிள்

படுக்கை, சமையல் வசதியோடு கட்டிய கேம்பர் வேனுக்குப் பின்னால் மாட்டும் சைக்கிள் ரேக்கைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அது ஒரே இடத்தில் போய் நிற்கிறது: எத்தனை கிலோ தாங்கும்? பெட்டியில் 60 என்று அச்சிட்டிருந்தால் நல்ல ரேக், 35 என்றிருந்தால் போதாது. ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் நண்பர்களும் சரி, முகாமிடத்தில் அடுத்த வேனில் தங்கியவர்களும் சரி, கடையில் நின்ற விற்பனையாளரும் சரி, அந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. அந்த எண் ரேக்கின் எண். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேனைப் பற்றி. ரேக் 60 கிலோவைத் தூக்கும், சரி. அந்த ரேக்கையும் சேர்த்துத் தூக்கப்போவது யார்? இதை ஒரு குளிர்காலம் முழுக்க மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். ரேக் வாங்கி மாட்டிய பிறகும் எழுதத் தோன்றுகிறது என்றால், இதே வேன் வைத்திருக்கும் பலர் இந்தக் கணக்கைப் போடாமலே நெடுஞ்சாலையில் ஏறுவதைப் பார்ப்பதால்தான்.

எங்களுடையது ஃபியட் டுகாட்டோவில் கட்டிய வேன். நீளம் 5.99 மீட்டர், இழுப்பது முன்சக்கரம், பின்னால் பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவு, கதவை ஒட்டிக் குறுக்கே கட்டில். சைக்கிள் இரண்டும் பேட்டரி சைக்கிள். ஒவ்வொன்றும் 25 கிலோ. இவ்வளவு பாடுபட்டு அவற்றைச் சுமப்பதற்கு எங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இத்தாலியின் தெற்குத் திரோலில் ரெஷென் ஏரி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீரில் மூழ்கிய பழைய கிரௌன் கிராமத்தின் மணிக்கூண்டு மட்டும் ஏரிக்கு மேலே தெரியும். அங்கிருந்து ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே மெரான் வரைக்கும் சைக்கிள் பாதை இறங்கிக்கொண்டே போகிறது. திரும்பும்போது மெரானிலிருந்து, ஏரிக்குக் கீழே இருக்கும் மால்ஸ் வரை ரயில் இருக்கிறது. மூடிக் கிடந்த அந்தத் தடம் 2005இல் மறுபடி உயிர்பெற்றது. அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குள் வேனை ஓட்டிக்கொண்டு போனால் சந்துகளும் வாகன நிறுத்தக் கட்டணமும்தான் நினைவில் நிற்கும். வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினால்தான் அந்த இடம் நமக்குக் கிடைக்கிறது. ஆகவே சைக்கிளை விட்டுவிட்டுப் போவது என்ற யோசனைக்கே இடமில்லை.

வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். முன்சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மீட்டருக்குள் மூன்று பேர் வாழும் வேனில், மழையில் நனைந்து சேறு அப்பிய சங்கிலியோடு ஒன்றாகத் தூங்க எங்களால் முடியாது. கூரையோ இரண்டரை மீட்டருக்கும் மேல். அங்கே 25 கிலோவைத் தூக்கி வைக்கும் தோள் எனக்கு இல்லை. பின்பக்கம்தான்.

கதவா, கொக்கியா

பின்பக்கம் என்றால் இரண்டு வழி. ஒன்று, பின்கதவிலேயே ரேக்கை மாட்டுவது. மற்றது, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்த, டிரெய்லர் இழுக்கும் டோ பார் கொக்கியின் மேல் உட்காரும் ரேக். முதலாவது எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது. சைக்கிள் வேனோடு ஒட்டி நிற்கும், உயரத்தில் இருப்பதால் சாலைச் சேறு குறைவாகப் படும், நீளமும் அதிகம் கூடாது. டுகாட்டோ 2.05 மீட்டர் அகலம், சைக்கிள் அதற்குள் அடங்கிவிடும். சைக்கிள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறக்கும் வகைகளும் உண்டு. சாதாரண சைக்கிள் இரண்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. இந்த வகைக் கதவு ரேக்குகளுக்குச் சாதாரணமாக 35 கிலோ எல்லை. பேட்டரியைக் கழற்றினால் ஒரு சைக்கிளுக்கு மூன்றரை கிலோ குறையும். அப்படியும் இரண்டும் சேர்ந்து 43 கிலோ. எட்டு கிலோதானே, எழுதும்போது கொஞ்சம் இடம் விட்டுத்தானே எழுதியிருப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த நினைப்போடுதான் அண்ணாவைப் பார்க்கப் போனேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். பல வருடங்களாக இங்கே ஒரு சிறிய பட்டறையில் வேன்களுக்கு அடிவேலை பார்க்கிறார். அன்று அவரிடம் வேறு யாருடைய வேனோ தூக்கியில் நின்றது, எங்களுடையதைப் போன்றதே. கதவில் பேட்டரி சைக்கிள்களைச் சுமந்து ஊர் சுற்றிய வண்டி. அவர் ஒன்றும் பேசாமல் கைவிளக்கை எடுத்துக் கதவின் மேல் கீலுக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தார். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் கீலின் போல்ட்டைச் சுற்றி, பெயிண்டில் முடி போன்ற ஒரு கோடு பாதி வட்டமாக ஓடுவது தெரிந்தது. கட்டைவிரலால் பக்கத்தில் அமுக்கினார். தகடு உள்ளே போய்த் திரும்பி வந்தது, கோடு ஒரு கணம் அகன்று மூடியது. உள்ளே துரு பழுப்பாக இருந்தது. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, கீழ் முனையைக் கையால் ஏந்தித் தூக்கினார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறி, விட்டவுடன் இறங்கியது.

"ரேக் எவ்வளவு தாங்கும் எண்டு ரேக் செய்தவன் எழுதிப்போட்டான் தம்பி. இந்தத் தகடு எவ்வளவு தாங்கும் எண்டு ஆர் எழுதினது?" என்றார்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் 43 கிலோ என்பது 43 கிலோதான். சரளைப் பாதையில், வேகத்தடையில், பாலத்தின் இணைப்பில் ஒவ்வொரு முறை பின்பக்கம் எகிறி இறங்கும்போதும் கீல் உணர்வது அதைப் போலப் பல மடங்கு. தயாரிப்பாளர் 35 என்று எழுதும்போது இந்தக் குலுக்கலையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார். அந்த மிச்ச இடம் குலுக்கலுக்காக விட்டது. அதில் சுமையை ஏற்றினால் குலுக்கலுக்கு ஒன்றும் மிஞ்சாது. நண்பரின் எட்டு கிலோவுக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

துலாக் கணக்கு

அப்படியானால் டோ பார்தான். கொக்கியின் தகட்டில் 100 கிலோ வரை செங்குத்தாக இறங்கலாம் என்றிருக்கிறது, ரேக்கில் 60 என்றிருக்கிறது, எங்கள் சைக்கிள் 43. இங்கே எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நானும் வாங்கிவிடலாம் என்றுதான் சொன்னேன். அண்ணா விடவில்லை. "பாரம் எவ்வளவு எண்டதை விடுங்கோ, அது எங்க தொங்குது எண்டதைப் பாருங்கோ. எங்கட ஊரில துலா மிதிச்சிருந்தா உங்களுக்கு இது நான் சொல்லத் தேவையில்லை. ஆள் அதே ஆள்தான். துலாவில ஆடுகாலுக்கு இந்தப் பக்கம் ரெண்டு அடி நகர்ந்தா வாளி மேல வரும். உங்கட வேனுக்குப் பின்சில்லுதான் ஆடுகால்."

துலா என்று அவர் சொன்னது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை. ஆடுகால் அதைத் தாங்கும் தூண். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டுகாட்டோவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4.035 மீட்டர். பின் அச்சுக்குப் பின்னால் உடல் இன்னும் ஒரு மீட்டர் நீள்கிறது. டோ பார் ரேக்கில் சைக்கிள்களின் நடுப்புள்ளி அதற்கும் பின்னால் அரை மீட்டர். ஆக, சுமை பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்குகிறது. ஒன்றரையை 4.035ஆல் வகுத்தால் 0.37. அதாவது அந்த இடத்தில் 100 கிலோ ஏற்றினால் பின் அச்சு சுமப்பது 137 கிலோ. அந்த உபரி 37 கிலோ முன்சக்கரங்களின் மேலிருந்து பிடுங்கப்பட்டது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியானால் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். டுகாட்டோவை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம். மழை பெய்த மறுநாள் காலையில் முகாமிடத்துப் புல்தரையிலிருந்து வெளியேற முடியாமல் சக்கரம் வெறுமனே சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, முன் அச்சில் குறையும் ஒவ்வொரு கிலோவும் எங்கே வலிக்கும் என்று தெரியும்.

சரி, எங்கள் வேனில் பின் அச்சுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? அது எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஒவ்வொருவரும் அலமாரியும் சூரியத் தகடும் பேட்டரியும் வேறு வேறு இடத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். எடைமேடைக்குப் போவது ஒன்றுதான் வழி. விடுமுறைக்குக் கிளம்புவது போலவே எல்லாவற்றையும் ஏற்றினோம். டீசல் நிறைய, தண்ணீர்த் தொட்டி 100 லிட்டரும் நிறைய, எரிவாயு, துணிமணி, அரிசி, பருப்பு, குக்கர், மகளின் புத்தகப் பெட்டி, நாங்கள் மூவரும். மேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றச் சொன்னார்கள். 1,520. அப்புறம் முழு வண்டி. 3,350. அப்புறம் முன்சக்கரங்கள் மேடையை விட்டு இறங்கி, பின்சக்கரங்கள் மட்டும். 1,830. மூன்றையும் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

கதவுத் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டில் எங்கள் வண்டிக்கான எல்லைகள்: மொத்தம் 3,500, முன் அச்சு 1,850, பின் அச்சு 2,000. மொத்தத்தில் 150 கிலோ மிச்சம். பின் அச்சில் 170 மிச்சம். முன் அச்சில் 330 கிலோவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. சைக்கிளை அங்கே வைக்க முடியாது.

சீட்டைப் பார்த்ததும் முதலில் நிம்மதிதான். டோ பார் 30 கிலோ, ரேக் 20, சைக்கிள் 43, மொத்தம் 93. 150க்குள் அடங்குகிறது. அப்புறம் துலாக் கணக்கைப் போட்டேன். ரேக்கும் சைக்கிளும் 63 கிலோ, பின் அச்சில் 86 ஆகிறது. டோ பாரின் 30 கிலோ, அது கொஞ்சம் முன்னால் இருப்பதால், 37 ஆகிறது. பின் அச்சு 1,953இல் போய் நிற்கிறது. மொத்த எடையில் இன்னும் 57 கிலோ சேர்க்கலாம் என்று காகிதம் சொல்கிறது, பின் அச்சோ 47 கிலோவில் முடிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் வழியில் வாங்கிய ஆப்பிள் பெட்டியும் தண்ணீர் பாட்டில்களும் ஏறினால் அதுவும் போயிற்று. இத்தனைக்கும் ரேக்கின் 60 கிலோ எல்லையை நாங்கள் நெருங்கக்கூட இல்லை. எல்லோரும் கேட்கும் அந்த எண்ணில் கால்பங்குக்கும் மேல் பாக்கி இருக்கும்போதே வேனின் பின் அச்சு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. குளிர்காலம் முழுக்க எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று அந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்கும்போது புரிந்தது.

காற்றுக்கு ஒரு வழி

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவிக்கு வேன் என்றாலே பின்கதவைத் திறந்துவைத்துப் படுப்பதுதான். "ராத்திரி கதவைத் திறக்க முடியலைன்னா எனக்கு அங்க தூக்கமே வராது. ரேக் வேணும்னா வாங்கிக்கோ, கதவு திறக்கணும்," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சு. கதவை மறித்துக்கொண்டு நிற்கும் ரேக் அந்த வேனின் பாதி சுகத்தைத் தின்றுவிடும்.

இதற்காகவே ஆடும் கை வைத்த ரேக்குகள் வருகின்றன. சைக்கிள்களோடு முழு ரேக்கும் கதவு மாதிரி பக்கவாட்டில் விலகும், பின்பக்கம் முழுக்கத் திறந்துவிடும். ஒரு கண்காட்சியில் இழுத்துப் பார்த்தேன், ஒரு விரலில் நகர்ந்தது. மிக அழகான வேலைப்பாடு. அமெரிக்காவில் கரடுமுரடான பாதைகளுக்கென்று கட்டும் பெரிய வேன்களில் இந்த மாதிரிக் கையைத்தான் அதிகம் பார்க்கிறோம். பின்சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவை, கனமான பின் அச்சு உள்ள வண்டிகளுக்கு அது பொருந்தும். நான் பார்த்தது 25 கிலோ கூடுதல், சைக்கிளையும் இன்னும் பத்து சென்டிமீட்டர் பின்னே தள்ளியது. எங்கள் சீட்டில் அதை எழுதிப் பார்த்தால் பின் அச்சு 1,990. பத்து கிலோ மிச்சம் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலை ஏற நான் தயாராக இல்லை.

சீட்டை அவளிடம் கொடுத்தேன். நான் சொன்ன எதையும்விட அந்த மூன்று வரி எண்கள் வேலை செய்தன. அவள் கேட்ட கேள்விதான் முடிவைத் தந்தது: "சைக்கிள் எப்ப வண்டியில இருக்கும்?" முகாமிடத்துக்குப் போனதும் நாங்கள் முதலில் செய்வதே சைக்கிளை இறக்குவது. ஓட்டத்தானே கொண்டுபோகிறோம். காலி ரேக்கை நெம்பித் தளர்த்தித் தூக்கி வேனுக்கு அடியில் தள்ளிவிடலாம், கதவு முழுக்கத் திறக்கும். வழியில் ஒரு இரவு நிறுத்திப் படுக்கும்போது மட்டும்தான் சைக்கிள் பின்னால் நிற்கும். அந்த ஓரிரு இரவுகளுக்காகப் பயணம் முழுக்க 25 கிலோ இரும்பைத் துலாவின் நுனியில் கட்டிக்கொண்டு போவானேன்? சைக்கிளோடு சேர்த்துப் பின்னோக்கிச் சாய்க்கும் சாதாரண ரேக் வாங்கினோம். சாய்த்தால் எங்கள் கதவுகள் பாதி திறக்கின்றன. ஆள் ஏறி இறங்க முடியாது, காற்று தாராளமாக வருகிறது. அவளுக்குத் தேவை காற்றுதான்.

பின் அச்சைத் தண்ணீர் காப்பாற்றியது. எங்கள் தொட்டி கட்டிலுக்கு அடியில், ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. 100 லிட்டரை நிரப்பிக்கொண்டு 600 கிலோமீட்டர் சுமப்பதில் எந்தப் பொருளும் இல்லை. இங்கே பல கேம்பர் தயாரிப்பாளர்களே ஓட்டும்போது 20 லிட்டர் போதும் என்ற கணக்கில்தான் எடைப் பட்டியல் போடுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் குழாய் இருக்கிறது. 80 லிட்டரை விட்டதும் பின் அச்சு 1,873க்கு இறங்கியது. கழற்றிய பேட்டரிகள் இரண்டும் முன் இருக்கைக்கு அடியில் போயின. ஏழு கிலோதான், ஆனால் இடம் மாறிய ஏழு கிலோ.

சிறியவை சில

மற்றவற்றில் என்னால் அதிகம் நிற்க முடியவில்லை. ரேக்குக்கு விளக்கும் நம்பர் பலகை இடமும் உண்டு, 13 முள் பிளக்கில் சொருகினால் எரியும். ஜெர்மனியில் ரேக்கில் மாட்டும் கூடுதல் நம்பர் பலகைக்கு முத்திரை தேவையில்லை, எழுத்து அதே எழுத்தாக இருந்தால் சரி. இத்தாலிக்குள் நுழையும் முன் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 50×50 செ.மீ. பலகையைச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிவிட வேண்டும். ஸ்பெயினிலும் கேட்பார்கள். நார்வே பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஃபெர்ரிக் கட்டணத்தில் 6 மீட்டர் ஒரு எல்லைக்கோடு. 5.99 மீட்டர் வேன் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது, ரேக்கும் நீளத்தில் சேருமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஃபெர்ரிச் சாய்தளத்தில் ஏறும்போது மெதுவாக, கொஞ்சம் கோணலாக ஏறுவது நல்லது. சுமை ஏற்றிய வண்டியில் கொக்கி தரையிலிருந்து 35 முதல் 42 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், ரேக் அதற்கும் பின்னால் நீண்டு நிற்கும். முதலில் தரையில் உரசப்போவது அதுதான்.

தூசியைப் பற்றி மட்டும் இன்னும் நாலு வரி. வேன் ஒரு பெட்டி. ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சாலையின் தூசியையும் ஈரத்தையும் சுழற்றி உள்ளே இழுக்கிறது. சைக்கிள் நிற்பது சரியாக அந்தச் சுழலில். சரளைப் பாதையில் பத்து கிலோமீட்டர் போனாலே சங்கிலியில் பால்பவுடர் நிறத்தில் ஒரு படலம் பிடித்துவிடும். உறை போட்டு மூடலாமே என்று தோன்றும். வேகத்தில் உறை பாய்மரமாகிவிடும், ரேக் தயாரிப்பாளர்கள் பலர் அதை ஒப்புவதில்லை. பேட்டரி கழற்றிய குழிக்கும் மின் இணைப்பு முனைக்கும் மூடி போடுகிறோம், சங்கிலியை இறங்கியதும் உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுகிறோம். அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீரைப் பேரிங்குகள் பக்கம் கொண்டுபோவதே இல்லை. மனைவியின் சைக்கிளுக்குக் குறுக்குத் தண்டு கிடையாது, அதனால் பிடி மாட்ட ஒரு தற்காலிகத் தண்டு வாங்கினோம். கார்பன் சட்டம் உள்ள சைக்கிளானால் பிடியை எவ்வளவு முறுக்கலாம் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், கையால் இறுக்கியே சட்டத்தை உடைக்க முடியும்.

கனமான சைக்கிள் வேனை ஒட்டிய தடத்தில், லேசானது வெளியே. முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் ஒருமுறை இறுக்கிக்கொள்கிறோம். ரேக்கின் கையேட்டில் அதிகபட்ச வேகம் 130 என்றிருக்கிறது, நான் 110ஐத் தாண்டுவதில்லை. அடுத்த கோடையில் மகளுக்குப் பெரிய சைக்கிள் வரும். அவளுடையது பேட்டரி இல்லாத சைக்கிள், 14 கிலோ. அது மூன்றாவது தடத்தில், எல்லாவற்றையும்விடப் பின்னால் நிற்கும். அதைப் பூட்டும் முன் மறுபடி எடைமேடைக்குப் போக வேண்டும், இந்த முறை 20 லிட்டர் தண்ணீரோடு, சைக்கிள் மூன்றையும் மாட்டிக்கொண்டு.